பேர் சொன்னால் வேன்

காலை ஆறரைக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, விருதுநகருக்கு டிக்கெட் எடுத்தேன். நாற்பத்தைந்து ரூபாய். கண்டக்டர் சில்லறை கேட்டார். மடியிலிருந்த பையில் ரசீதுப் புத்தகம், துண்டுப் பிரசுரம், எங்கள் குடிநோய் மீட்பு இல்லத்தின் முத்திரை எல்லாம் இருந்தன. சில்லறை மட்டும் இல்லை. என் விசிட்டிங் கார்டில் 'நன்கொடைப் பிரிவுத் தலைவர்' என்று போட்டிருக்கும். பிரிவில் இருப்பது நான் ஒருவன்தான். ஆகவே தலைமைக்குப் போட்டி கிடையாது.

இந்த முறை கேட்கப் போவது ஒரு வேன். இல்லத்தின் பழைய வேன் தள்ளினால்தான் கிளம்பும். சிகிச்சையில் இருப்பவர்களைத் தள்ளச் சொல்வோம். வண்டி கிளம்பிவிட்டால் அவர்களுக்கு உடம்பு தேறிவிட்டது என்று கணக்கு. ஆனால் விஷயம் விளையாட்டில்லை. "வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்று குடிக்கிறவரே சொல்கிற நாள் அபூர்வமாக ஒன்று வரும். மறுநாள் அந்த மனசு இருக்காது. அன்றைக்கே வண்டி போய் வாசலில் நிற்க வேண்டும். போன மாதம் இரண்டு வீடுகளுக்கு எங்களால் அப்படிப் போய் நிற்க முடியவில்லை.

விருதுநகரில் இறங்கி இரண்டு இட்லி, ஒரு வடை, டீ, நாற்பது ரூபாய். அந்த ஊருக்குப் பேர்போன எண்ணெய்ப் பரோட்டா சாயங்காலம்தான் போடுவார்கள் என்றார் கடைக்காரர். அன்றைய முதல் ஏமாற்றம். அங்கிருந்து சிவகாசிக்கு இருபத்தேழு கிலோமீட்டர் சொச்சம். திருத்தங்கல் நெருங்க நெருங்க, கருவேலங்காட்டுக்கு நடுவே பட்டாசுக் கடைகளின் விளம்பரப் பலகைகள். எல்லாவற்றிலும் எண்பது சதவீதம் தள்ளுபடி. விலையிலேயே இவ்வளவு விட்டுக்கொடுக்கிற ஊரில் ஒரு வேன் கிடைக்காதா என்று தெம்பு வந்தது.

சிவகாசியில் ஆட்டோ. போக, காத்திருக்க, திரும்ப நானூறு ரூபாய்.

"தீவாளி ஆர்டரா சார்?" என்றார் டிரைவர்.

"இல்லைங்க. குடியை நிறுத்துற இல்லம். நன்கொடை கேட்க வந்திருக்கேன்."

டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "அப்ப ஆட்டோக் காசு குடுப்பீகளா, அதுக்கும் ரசீதுதானா?"

ஆட்டோ நாரணாபுரம் தாண்டியது. உங்களுக்கு வழி சொல்வது அதுவரைதான். அதற்குப் பிறகு ஊர்ப் பெயர் கேட்காதீர்கள். ஆள், இடம் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். கேட் காவலாளி என்று எழுதப் போகிறவர் உண்மையில் காவலாளியே அல்ல.

பத்து மணி. பட்டாசுக் கம்பெனி கேட்டில் செல்போனை வாங்கிக்கொண்டு, தீப்பெட்டி இருக்கிறதா என்று பையையும் துழாவிப் பார்த்துக் கொடுத்தார்கள். பிறகு, "ஊதுங்க சார்" என்று காவலாளியின் முகம் கிட்டே வந்தது. உள்ளே போகிற எல்லாரையும் ஊதச் சொல்லி, குடித்திருக்கிறார்களா என்று பார்ப்பது அங்கே வழக்கம். குடிக்கு எதிராகப் பணம் கேட்க வந்தவன் பணிவாக ஊதினேன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் இல்லத்தில் இருந்தவர். "மாரி..." என்று வாய் திறந்துவிட்டேன். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் தெரிந்தது.

"மாரியம்மன் கோயில் இங்க எங்க இருக்கு?" என்று முடித்தேன்.

"அங்கன, ஊருக்குள்ள இருக்கு சார்" என்றார், என்னை முன்பின் பார்த்திராத முகத்தோடு. மாரியப்பன் என்றே வைத்துக்கொள்வோம்.

வெடிமருந்து கலக்கும் அறைகள் தூரத்தில், தனித்தனியாக, வேப்பமரங்களுக்கு இடையே இருந்தன. ஆபீஸ் முன்பக்கம். முதலாளி அறுபதைத் தாண்டியவர். பேசினால் கேட் வரை கேட்கும்.

"வாங்க, உக்காருங்க. சாப்பிட்டீகளா? ஏலே, ரெண்டு டீ கொண்டாலே!"

நான் பாடத்தை ஒப்பித்தேன். துண்டுப் பிரசுரத்தை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர்தான். அதை எழுதிய நானே முழுதாகப் படித்ததில்லை.

"எங்க கம்பெனி ஆளுக யாரும் உங்ககிட்ட வந்திருக்காகளா?"

"அதைச் சொல்றதில்லைங்க அண்ணாச்சி."

"ஒரே ஒரு பேரு. சொல்லுங்க, வேன் தாரேன். புது வேன்."

"சொன்னா அவரை என்ன செய்வீங்க?"

"நிறுத்திருவேன். தப்பா நெனைக்காதீக, இது மருந்து பொளங்குற எடம். குடிச்சவன் திருந்திட்டான்னு நம்பி எம்புட்டு உசுர வெச்சு நான் வெளையாட முடியும்?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். கண்ணுக்கு முன்னால் புது வேன், எங்கள் இல்லத்தின் பெயரோடு ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. கேட்டில் மாரியப்பன் நின்றார். டீயைக் குடித்தேன். சூடு ஆறாத டீ; நாக்கு வெந்தது.

"பேரு சொல்ற இல்லம்னா எங்ககிட்ட ஒருத்தரும் வர மாட்டாங்க அண்ணாச்சி. அப்புறம் வேனை வெச்சு நான் காய்கறிதான் ஏத்தணும்" என்று எழுந்தேன்.

அவர் போய்க் கதவைச் சாத்தினார். அவ்வளவு பெரிய குரல் அவ்வளவு சின்னதாக ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

"அப்ப எங்க வீட்டுலருந்து ஒரு ஆளு வந்தாலும் இப்பிடித்தான் வாயத் தொறக்க மாட்டீகளா?"

"மாட்டேன்."

"மூத்தவன். நேத்துத்தான் சரி, போறேன்னான்." கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "எங்க காருல வந்தா ஊருக்கே தெரியும். ஞாயித்துக்கெழம விடியக்காலம் நீங்களே வண்டி அனுப்புங்க. வேன் மட்டும் இப்பக் கேக்காதீக. நான் தந்தா, எதுக்குத் தந்தான்னு அம்புட்டுப் பேரும் கேப்பாங்க."

ஆக, வேன் கேட்கப் போன இடத்தில் வேன் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். என் பிரிவின் வரலாற்றில் இது புதிது. "ஞாயித்துக்கிழமை வரை வேண்டாம் அண்ணாச்சி. இந்த மனசு இருக்கும்போதே, நாளைக்கு விடியக்காலையிலேயே வந்துடறோம்" என்றேன். தலையாட்டினார்.

கேட்டில் செல்போனைக் கையில் கொடுத்தபடி மாரியப்பன் குனிந்து பேசினார். "மொதலாளி சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுச்சு சார். பேரு சொன்னா வேன்னாருல்ல?"

"விடுப்பா."

"என்னால கெடைக்காமப் போயிரக் கூடாது. அந்த வண்டிதான என்னயத் தூக்கிட்டுப் போச்சு. நானே போய்ச் சொல்லிர்றேன். வேல போனாப் போகுது." சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தே விட்டார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்ததை அவரிடமும் சொல்லக் கூடாது. "குடுத்துட்டாருப்பா!" என்றேன்.

"பேரு சொல்லாமயா?"

"சொல்லாமத்தான்."

"எம்புட்டு சார்?"

"வெளியே சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன்."

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிரித்தார். ஆட்டோ திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே நின்றார். நானும் சிரித்தேன். நான் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை; அவர் கொடுத்தது வேன் இல்லை, அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் இல்லத்தில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் மூன்று பேர் உபயம். டியூப்லைட்டில் பெயர் எழுதி எழுதி வெளிச்சமே பாதிதான் வருகிறது. இந்த ஊர்ப் பயணத்துக்கு எங்கேயும் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வேலை இருந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு விடியறதுக்குள்ள நம்ம வேன் தள்ளாம கிளம்பணும். போற எடத்துல தள்ளினா தெருவே எழுந்து பார்க்கும்."

"பேட்டரியே புதுசு மாத்தணும் சார். பில்லு இல்லத்து பேருலயா?"

"நான் தர்றேன். பேரெல்லாம் போட வேண்டாம்."