கற்றையை அணைத்துவிட்டு

முனைவர் பட்டம் வாங்கி நான்கு வருடமாகிவிட்டது. ஆனாலும் அவளுடைய அம்மா தொலைபேசியில் கேட்பது ஒன்றுதான்.

"இன்னும் எத்தன வருஷம்டி படிப்ப?"

"இது படிப்பில்லம்மா, வேலை. உருண்டைய நசுக்குறேன்."

"அதுக்கா இவ்வளவு படிச்ச?"

அதற்குத்தான். கண்ணாடி உருண்டைகள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இருநூறை வரிசையாக நிறுத்தலாம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள் ஒன்றை வைத்து, தட்டையான வைர முனையால் மெல்ல அழுத்துவாள். கண்ணாடி என்றால் உடைய வேண்டும். அவளுடையவை பிசைந்த மாவைப் போலத் தட்டையாயின. இவ்வளவு சிறிதானால் கண்ணாடிக்கு உடையத் தெரியாது என்று கட்டுரை எழுதி அனுப்பினாள். இரண்டு வருட உழைப்பு.

அதைப் பரிசீலித்த முகம் தெரியாத ஒருவர் ஒரு வரி கேட்டிருந்தார்: எலக்ட்ரான் கற்றை படாமல் அழுத்திப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. திரையில் படம் காட்டுவதே அந்தக் கற்றைதான். அதை நிறுத்தினால் திரை இருண்டுவிடும். பார்ப்பதற்குத்தானே அந்த இயந்திரம்?

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அவள் வயதுக்காரி. கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நீ வச்ச கண்ணு வாங்காம பாத்துட்டிருந்தா அது எப்படிடி உடையும்? கூச்சத்துலயே குழைஞ்சிடும்."

"உடைஞ்சா என் கட்டுரை குப்பைக்குப் போகும்."

"அப்ப விட்டுடு. முடியலன்னு எழுதிடு."

"பொய்யில்லையா?"

"பொய்தான். உனக்கு அது வராது, தெரியும். உக்காரு."

உருண்டையை முனைக்கு நேராக நிறுத்தினார்கள். கற்றையை அணைத்தார்கள். படத்திரை கறுத்தது. பக்கத்துத் திரையில் விசையைக் காட்டும் கோடு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது, ஏறியது, பொத்தென்று விழுந்தது.

மறுபடி கற்றையைத் திறந்தபோது உருண்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

டெக்னீஷியன் அவள் தோளைத் தொட வந்தாள். அதற்குள் அவள் அடுத்த உருண்டையை வைத்துவிட்டாள். இந்த முறை கோடு பாதி ஏறும்போது கற்றையைத் திறந்தாள். கோடு தொய்ந்தது. உருண்டை குழைந்து சப்பையாயிற்று. மூன்றாவதை இருட்டில் அழுத்தினாள். உடைந்தது. நான்காவதை வெளிச்சத்தில். குழைந்தது.

"ஏய்! சுவிட்ச் போட்ட மாதிரி சொன்னபடி கேக்குதுடி!" என்று கத்தினாள் டெக்னீஷியன்.

இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து பேராசிரியர் ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"கண்ணாடி உடைஞ்சிருச்சு சார்!"

அவர் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். "எங்க? கால்ல குத்திடப்போகுது."

டெக்னீஷியன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்ப நாம அனுப்பின கட்டுரை?"

"தப்பு சார். குழைய வச்சது நம்ம கற்றைதான். திரும்ப வாங்கிக்கலாம். வேற எழுதுறேன்."

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பழைய தலைப்பை அங்கேயே அழித்தாள்.

டெக்னீஷியன் ஐந்தாவது உருண்டையை நிறுத்திவிட்டு அவளை நாற்காலியோடு தள்ளினாள்.

"நகரு. இத நான் உடைக்கிறேன்."