ஊசிக்காரனின் முறை

எனக்குள் பலர் இருக்கிறார்கள் என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு அது ஒன்பது வயதிலேயே தெரியும். எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஈப்போ நகரில் ஒரு டாக்டரம்மா, ஒரே உடம்பில் பலர் தனித்தனி நினைவுகளோடு வாழும் நோய் இது என்று விளக்கினார். அந்தப் பலரையும் சேர்த்து ஆங்கிலத்தில் 'சிஸ்டம்' என்பார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிறுவயதில் நான் கால்சட்டைப் பைக்குள் நோட்டுப் புத்தகம் வைத்து நடத்தியது அதைத்தானே!

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் கிராணியார், அதாவது கணக்குப்பிள்ளை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பால்மரம் வெட்டுபவர்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுப்பார். அதைவிட அழகான காரியத்தை நான் உலகத்தில் கண்டதில்லை. அத்தனை பெரிய கூட்டம் ஒரு தாளுக்குள் அடங்கி, கால் மணி நேரத்தில் அவரவர் மரத்தடிக்குப் போய்விடும். ஆகவே நானும் குழாயடியில் பல் விளக்கியபடி என் ஆட்களுக்குப் பெரட்டு வைத்தேன்.

என்னைத் தவிர நான்கு பேர். கணக்கன் பள்ளிக்கூடத்துக்கு. பாட்டுக்காரன் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். குட்டி ஐந்து வயதுப் பெண்பிள்ளை, விளையாட்டுக்கு மட்டும். நான்காவது ஆள் ஊசிக்காரன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட அன்று வந்தவன் என்பதால் அந்தப் பெயர். வாத்தியாரின் பிரம்படி, பல் பிடுங்குவது, வேப்பெண்ணெய் குடிப்பது எல்லாம் அவன் நிரை. கூப்பிட்டால் வருவான். வேலை முடிந்தால் போய்விடுவான். இவ்வளவு ஒழுங்கான ஆள் எங்கே கிடைப்பான் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு பள்ளி விடுமுறையில் அப்பா எங்களைப் பங்கோர் தீவுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். எங்களை என்றால் என்னையும் அத்தையையும். அம்மா போன பிறகு அத்தைதான் வீட்டைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் யாரும் அதுவரை கடலைக் கண்டதில்லை. நான் மூன்று நாள் உட்கார்ந்து நோட்டில் முறை போட்டேன். பஸ் பயணம் கணக்கனுக்கு. மணல் குட்டிக்கு. சாப்பாடு பாட்டுக்காரனுக்கு. லூமுட்டிலிருந்து தீவுக்குப் போகும் ஃபெரியும் திரும்பும் ஃபெரியும் எனக்கு. ஊசிக்காரன் பெயருக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டேன். அன்று அவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் எதற்கு வரவேண்டும்?

கணக்கன் மைல்கற்களை எண்ணிக்கொண்டே லூமுட் வந்து சேர்ந்தான். ஃபெரி கிளம்பியதும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. நான் யோசிக்கவே இல்லை. ஊசிக்காரனைக் கூப்பிட்டுவிட்டு உள்ளுக்குள் பின்னால் போய்விட்டேன். அவன் பிளாஸ்டிக் பைக்குள் முகத்தை வைத்தபடியே கரை சேர்ந்தான்.

தீவில் எல்லாம் முறைப்படி நடந்தது. குட்டி மணலில் புரண்டாள். பாட்டுக்காரன், ஐஸைத் துருவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் சாப்பிட்டான். குட்டி, தான் சாப்பிடவில்லை என்றாள். வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு கணக்கன் தனக்கும் வேண்டும் என்றான்.

"மூணாவது கோப்பைலா இது. வயித்துக்குள்ள எத்தன பேரடா வச்சிருக்க?" என்றார் அத்தை.

"நாலு பேரு," என்றேன்.

அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது கோப்பையும் வந்தது.

சாயங்காலம் கால் நனைக்கப் போன இடத்தில் ஜெல்லி மீன் கொட்டிவிட்டது. மறுபடியும் ஊசிக்காரன். கடைக்கார மலாய் அம்மாள் விஷம் முறியப் புளித்த காடியைக் கொண்டுவந்து ஊற்றினார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். எரிச்சல் நிற்காததால் திரும்பும் ஃபெரியிலும் அவனே ஏறினான். மூட்டைகளுக்கு நடுவே காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவனிடம், கடல் எப்படி இருந்தது என்று அத்தை கேட்டார்.

"நான் இன்னும் பாக்கலையே அத்தை."

நாள் முழுக்கக் கடற்கரையில் கிடந்த பிள்ளை சொல்கிற பதிலா அது? ஆனால் இந்தத் தடவை அத்தை சிரிக்கவில்லை. அவன் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு எழுப்பி, கைப்பிடிக் கம்பி ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா, நல்லா பாத்துக்க. அவசரமில்லலா."

அவன் நிமிர்ந்தான். வெயில் தாழ்ந்து, தண்ணீர் முழுக்கச் செம்பைத் தேய்த்துக் கவிழ்த்ததுபோல் கிடந்தது. உள்ளே பின்னாலிருந்து எனக்கும் அது துண்டு துண்டாகத் தெரிந்தது. அவன் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தான். அவன் பேச வந்தது அந்த நாளில் இரண்டாவது தடவை. அந்த நாளுக்கு முன் ஒரு தடவைகூட இல்லை.

ஆனால் நோட்டில் திரும்பும் ஃபெரி என் முறை என்று எழுதியிருந்தது. எழுதியவனும் நான்தான். "போதும், போ," என்றேன்.

அவன் போய்விட்டான். ஏன் என்று கேட்கவில்லை. போகும்போது கால் எரிச்சலையும் எடுத்துக்கொண்டு போனான். எனக்கு ஒரு பொட்டு வலிகூட இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, துள்ளாத குறையாக, முழுக் கடலையும் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிட மகிழ்ச்சியான கால் மணி நேரம் அதிகம் இல்லை. இதை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் கூச்சமாக இருந்தது.

கரை நெருங்கும்போது அத்தை குனிந்து, "ஏன்யா அழுவுற, கால் வலிக்குதா?" என்று கேட்டார்.

கன்னத்தைத் தொட்டேன். நனைந்திருந்தது.

"அழலையே அத்தை. கடல் தண்ணி தெறிச்சிருக்கு," என்றேன். அப்படித்தான் நம்பினேன்.