டிஸ்கெட்டில் வைத்த பொட்டு

அண்ணன் ரப்பர் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. ஆபீசில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்தான். தோட்டத்தை விட்டு மம்பா டவுனில் குடியேறலாம் என்றான்; மரத்தில் பால் வெட்டியே பழகிய அப்பா முடியாது என்றார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே வீட்டில் ஓராண்டு! சோறு வேண்டுமா என்பதைக்கூட என் வழியாகத்தான் கேட்பார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல்.

“அப்பாவுக்குக் கடுதாசி அடிச்சிக்கிட்டு இருக்கேன். முடிச்சதும் நீ படிச்சிக் காட்டு,” என்று ஒருநாள் சொன்னான். மறுவாரம் மோட்டார் சைக்கிளில் போனவன் லாரியில் அடிபட்டு இறந்துபோனான்.

செத்தவன் சாமான் வீட்டில் இருக்கக்கூடாது என்று கருமாதி முடிந்ததும் கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நான் அதில் செருகும் இரண்டு பிளாப்பி டிஸ்கெட்டை மட்டும் ஒளித்து வைத்தேன். ஒன்றில் கம்ப்யூட்டரை ஓட்டும் சிஸ்டம், மற்றதில் கடிதம்.

வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அவற்றையும் புத்தகங்களோடு வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டேன். சிஸ்டம் டிஸ்கெட்டுக்கு மேலே ஒட்டிய காகிதத்தில். கடித டிஸ்கெட்டின் காகிதத்தில் அண்ணன் கையெழுத்து இருந்தது. அதை மறைக்க மனம் வரவில்லை. உறையின் திறப்பில் கறுப்பாகத் தெரிந்த தகட்டில் பொட்டு வைத்தேன். புத்தி கெட்டவள், எழுத்து பதிவதே அந்தத் தகட்டில்தான்.

பிறகு நான் வேலைக்குப் போய், மம்பாவிலேயே வாடகை வீடு பிடித்து, அப்பாவை அழைத்துக்கொண்டேன். என் புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய சிஸ்டம் ஓடாது. எமுலேட்டர் போட்டால் புதுசு பழசு மாதிரி நடக்கும் என்று ஆபீசில் சொன்னார்கள். அதைப் போட்டு, பழைய டிரைவ் ஒன்றையும் தேடிப் பொருத்தினேன்.

அண்ணன் கடிதத்தைப் படிக்கலாம் என்றதும் அப்பா குளித்து, சட்டை போட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் அதே பச்சை எழுத்துகள் வந்தன. கடித டிஸ்கெட்டைச் செருகினேன். டிரைவ் கரகரவென்று இழுத்தது. படிக்க முடியவில்லை என்று வந்தது. மறுபடியும், மறுபடியும் அதுவேதான். வெளியே எடுத்தால் தகட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கீறல்.

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. முடியவில்லை. நான்தான் கெடுத்தேன், பொட்டு வைத்துக் கெடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.



“ஏசித்தான் எழுதியிருப்பான்மா,” என்றார் அப்பா. “அதையாச்சும் கேட்டிருப்பேன்.”