நனைந்த பிறகு கைக்கு வந்த புத்தகம்

நனைந்த காகிதம் வெயிலில் காயும்போது பசையும் பூஞ்சணமும் கலந்த ஒரு வாடை வரும். இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

கழுகுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் கிளை நூலகம் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலையில் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்த என் அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கத் தோன்றும். கோடையில் கரிசல் நிலம் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறதே, பக்கத்துச் செம்மண் ஏன் வெடிக்கவில்லை என்று அப்பாவைக் கேட்பாள். "வெடிக்கும், மழை பெஞ்சா மூடும். அதுக்கென்ன இப்போ?" என்பார் அவர்.

நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் தடித்த அறிவியல் தொகுதிகள் பூட்டிக் கிடந்தன. ஒன்றின் முதுகில் 'மண்' என்று எழுதியிருந்ததை அம்மா வெளியில் நின்றே வாசித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் எடுத்துத் தாங்க. இங்கனயே இருந்து வாசிச்சிட்டுத் தாரேன்."

நூலகர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது படிக்கிற பிள்ளைகளுக்கு. நீ வாசிச்சு எந்தப் பரீட்ச எழுதப் போற?"

படிக்கிற பிள்ளையான என்னைப் போய்க் கேட்கச் சொன்னாள். "அழுக்காக்கிருவ" என்றார். அப்படியானால் அந்தப் புத்தகங்கள் யாருக்கு? அதிகாரிகள் என்றாவது வந்தால் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவதற்கு!

அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்து, ஓடு சரிந்து, தண்ணீர் நேரே அலமாரிக்குள் இறங்கியது. வெயில் தலைகாட்டிய காலையில் நூலகர் எங்கள் தெருவுக்கே ஓடிவந்தார். "நாலு பொம்பளைங்க வாங்கம்மா, புத்தகமெல்லாம் ஊறிப் போச்சு!"

அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சோளம் காயப்போடும் களத்தில் சாக்கை விரித்து, ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். அவள் 'மண்' தொகுதியை மடியில் எடுத்துக்கொண்டாள். பிரித்த தாளை எல்லாம் உரக்க வாசித்தாள். கரிசலில் இருக்கும் களிமண் தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், அந்தச் சுருக்கம்தான் வெடிப்பு என்று வாசித்தபோது, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நம்ம கரிசக்காட்டத்தான் எழுதியிருக்காவ. இன்னும் வாசி."

பாதிப் புத்தகம்கூடத் தாண்டியிருக்காது, பொழுது சாய்ந்துவிட்டது. "காஞ்சிட்டுல்லா, குடு" என்று நூலகர் கையை நீட்டினார்.

"மிச்சத்தையும் வாசிச்சிட்டுத் தாரேன் அண்ணாச்சி."

அவர் பிடுங்கிக்கொண்டார். "நனைஞ்சாத்தான் எங்க கைக்கு வருமோ?" என்று அம்மா களமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அவர் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அம்மா அந்த வாசலை மிதிக்கவில்லை.

இன்று அந்தக் கட்டடம் இல்லை. அடுத்தடுத்த மழைகளில் கூரை முழுக்க விழுந்தது. யாருக்கும் கொடுக்காமல் காப்பாற்றிய தொகுதிகள் மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

போன மாதம் அம்மாவைக் கோவில்பட்டியில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு படிப்பகத்துக்கு அழைத்துப் போனேன். ஏசி, கம்ப்யூட்டர், சுவர் நிறையப் புத்தகம். "பாட்டி, எந்த எக்ஸாமுக்கு?" என்றான் வாசலில் இருந்த இளைஞன்.

"கயத்தாறுப் பக்கம் காத்தாடி சுத்துதுல்லா, அதுல கரண்டு எப்பிடி வருதுன்னு தெரிஞ்சுக்கணும்யா."

அவன் சிரித்தான். "இது போட்டித் தேர்வு எழுதுறவங்களுக்கு மட்டும் பாட்டி. செல்லுல பாத்துக்கோங்க."

கற்றுக்கொள்ள ஆசைப்படுவதற்கு ஒரு பரீட்சையின் சிபாரிசு வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? நான் கத்தத் தொடங்குவதற்குள், அம்மா உள்ளே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, நீ சும்மா இரு. தம்பி, ஒங்க பெரியவியள வரச் சொல்லு. வாரவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

மாலை வரை யாரும் வரவில்லை. மறுநாள், நான் கிளம்புவதற்கு முன்பே அம்மா கோவில்பட்டி பஸ் ஏறியிருந்தாள்.