பெரியப்பாவின் பிரான்சுக் கொடி

காரைக்கால் பக்கத்தில் விழிதியூரில் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் இரும்புக் குழாயால் போட்ட பந்தல் ஒன்று நிற்கிறது. அதன் குறுக்குக் குழாயில் ஓர் அரிவாள் மாட்டியிருக்கிறது. கதிர் அறுக்கவோ தேங்காய் வெட்டவோ அதை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு கொடியை மிரட்டுவதற்கென்றே அது அங்கே இருந்தது. ஒவ்வொரு மாசியிலும் அதை எடுத்து ஓங்கியவன் நான்தான். எங்கள் பக்கத்தில் காய்க்காத மரத்துக்கு இப்படி ஒரு வைத்தியம் உண்டு. ஒருவர் அரிவாளை ஓங்கி, "காய்க்காத மரம் எதுக்கு, வெட்டிப் போடுறேன்" என்று மரத்தின் காதில் விழும்படி சத்தம் போட வேண்டும். இன்னொருவர் ஓடி வந்து கையைப் பிடித்து, "வேண்டாம், விடு, அடுத்த வருஷம் காய்ச்சிடும்" என்று பரிந்து பேச வேண்டும். பலாவுக்கும் முருங்கைக்கும் இது நடக்கும்போது வீடே சிரிக்கும். பெரியப்பா வீட்டில் மட்டும் யாரும் சிரித்ததில்லை.

பெரியப்பாவுக்கு ஒரே மகள். எனக்கு அக்கா. காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்றால் கல்யாணச் சந்தையில் தனி மவுசு. அப்படி ஒரு குடும்பத்தில் அக்காவைக் கொடுத்தார்கள். பிரான்சுக்குப் போனாள். வருடங்கள் போயின, குழந்தை இல்லை. ஒரு தடவை தனியாக வந்தாள். வந்தவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கொல்லையில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் போய், "அங்க என்னைக் காய்க்காத மரம்னு காதுபடவே பேசுறாங்கப்பா. நான் இங்கயே இருந்துடட்டுமா?" என்று கேட்டாள். நானும் அங்கே இருந்தேன். பெரியப்பா தலையை நிமிர்த்தவில்லை. கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தார். கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வந்தால் ஊர்வாயை மூட முடியுமா என்ற பயம் அவருக்கு. கடைசியில், "போயிட்டு வாம்மா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். எங்கள் ஊரில் எதுவும் சரியாகாது என்று தெரிந்தவர்கள்தான் அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். அக்கா போய்விட்டாள். அதற்கடுத்த குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இறந்தும் போனாள். விசா கைக்கு வருவதற்குள் அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது. பெரியப்பா மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது என் கைபேசித் திரையில்தான். அதுவும் பாதியில் உறைந்து நின்றது.

அஸ்தியைக் கடலில் கரைக்க வந்த மாப்பிள்ளை, ஒரு துணிப்பையில் சில காய்களும் கொண்டுவந்தார். மொச்சைக்காயைப் போல நீளமாக, தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல இருந்தன. அவர்கள் வீட்டுச் சுவரில் படர்ந்த கொடியின் காய்கள். பிரெஞ்சில் கிளிசீன் என்பார்களாம். நான் பிறகு தேடிப் பார்த்தபோது விஸ்டீரியா என்று வந்தது. "பூக்குற காலத்துல அவ அதுக்குக் கீழயேதான் உக்காந்திருப்பா மாமா" என்று சொல்லி ஒரு படத்தைக் காட்டினார். சரக்கொன்றை போலக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ, நிறம் மட்டும் ஊதா. கீழே நாற்காலியில் அக்கா. அவள் சிரித்து எடுத்த படம் அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பெரியப்பா அந்தப் படத்தைக் காரைக்காலில் பிரிண்டு போட்டு வாங்கிவரச் சொன்னார். "இந்தப் பூவுக்குக் கீழ ஒரு நாள் நான் உக்காந்துடணும் தம்பி. அப்புறம் போனாலும் பரவாயில்ல" என்றார். அவருக்கு அதன் பிறகு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

விதைகளை ஊறவைத்துப் போட்டதில் ஒன்றுதான் முளைத்தது. பெரியப்பாவுக்குத் தெரிந்த கொடி புடலையும் அவரையும்தான். அதே கணக்கில் மூங்கில் பந்தல் போட்டு, வாழைநாரால் தளிரைச் சுற்றிக் கட்டினார். மறுநாள் பார்த்தால் அது அவிழ்ந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். திரும்பவும் கட்டுவார், திரும்பவும் மாறும். "இதுக்கு இதோட வழிதான்" என்று ஒரு நாள் அவரே விட்டுக்கொடுத்தார். அப்புறம் கொடி வளர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மூங்கிலை நெரித்தே உடைத்துவிட்டது. அதனால்தான் இரும்புக் குழாய். தளிர்களை வரிசையாகப் பிரித்து விட்டார், குறுக்கே ஓடியதைக் கிள்ளினார், ஆட்டுப்புழுக்கையும் சாணி எருவுமாகக் கொட்டினார். நெல்லுக்கு உரம் கூடினால் தழை மதர்த்து கதிர் குறையும் என்று ஊருக்கே சொல்பவர் அவர். இந்தக் கொடிக்கு மட்டும் அவரால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. பந்தல் முழுக்கப் பச்சை. ஒரு மொட்டுகூட இல்லை. தெருவில் போகிறவர்கள் வேலி வழியாக எட்டிப் பார்த்து, "என்னங்க, பிரான்ஸ் அவரை காய்ச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பெரியப்பா குனிந்து எருவைக் கிளறிக்கொண்டிருப்பார்.

மல்லிகைக்குச் செய்வதுபோல் தண்ணீரை நிறுத்தி, இலையை உருவிப் பார்த்தார். வேரைச் சுற்றி மண்வெட்டியால் கொத்திப் பார்த்தார். கடைசியில்தான் அரிவாள். "நீ ஓங்கு தம்பி, நான் வந்து தடுக்குறேன்" என்றார். நான் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுவேன். இதெல்லாம் என்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேதான் ஓங்கினேன். "பூக்காத கொடி எதுக்கு, வெட்டிப் போடுறேன்!" பெரியப்பா நாடகத்துக்கு வருகிற மாதிரி வரவில்லை. பாய்ந்து வந்து என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்ப்பா. விட்டுடு. இங்கயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பூக்கும், காய்க்கும் என்று சொல்லவேண்டிய இடத்தில் அதைச் சொன்னார். கொல்லைக் கதவருகே நின்ற பெரியம்மா, "ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனாள். போனவள் அடுப்படியில் அழுதது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியும் இதேதான். ஒரு வருடம் எனக்குத் தாங்கவில்லை. படித்துப் பார்த்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். "செடி மேல குத்தம் இல்ல பெரியப்பா. இதுக்குக் குளிர் வேணும். குளிர்ல இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்குனாத்தான் அப்புறம் பூக்கும். நம்ம ஊர்ல அது நடக்காது." அவர் கொடியின் தூரைக் கையால் தடவினார். "குத்தம் இல்லைன்னு அன்னிக்கு யாராவது சொல்லியிருக்கணும்" என்றார். அவர் எந்தக் கொடியைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை. நான் வண்டியை எடுக்கும்போது, "குளிர்தானே வேணும்?" என்றார்.

அந்த மார்கழியில், மீன் பெட்டிகளுக்குப் போடும் ஐஸ் பாளங்களைக் காரைக்காலிலிருந்து ஆட்டோவில் ஏற்றி வந்தார். மீன் வண்டி என்று நினைத்துத் தெருப் பெண்கள் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். பாளங்களை உமியில் பொதிந்து, சாக்கு போட்டு மூடி, கொடியின் தூரைச் சுற்றி அடுக்கினார். மதியத்துக்குள் எல்லாம் தண்ணீராகி வாய்க்காலுக்கு ஓடியது. மறுநாளும் ஐஸ் வந்தது. ஈரச் சாக்கைப் புரட்டிப் புரட்டி அவர் கை விரல்கள் வெளுத்துப்போயின. "போதும் விடுங்க" என்று பெரியம்மா கெஞ்சினாள். "அவ இந்தக் குளிர்லதானே கிடந்தா" என்றார். கொடி ஓர் இலையைக்கூட உதிர்க்கவில்லை. இருமல் பிடித்தது பெரியப்பாவுக்குத்தான். தை, மாசி, இருமல் நிற்கவில்லை. அந்த மாசியில் நான் அரிவாளை எடுத்தபோது அவரால் எழுந்து வர முடியவில்லை. கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி, வேண்டாம் என்று ஆட்டினார். சித்திரையில் போய்விட்டார். பூவுக்குக் கீழே உட்கார வேண்டும் என்றவரைப் பச்சை இலைக்குக் கீழே கிடத்திக் குளிப்பாட்டினோம். எனக்கு அன்று அந்தக் கொடியின் மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா கூப்பிட்டாள். கொடி கூரைக்குள் புகுந்து ஓடுகளையெல்லாம் நெம்பிவிட்டதாம், மழை பெய்தால் அக்காவின் படம் மாட்டிய சுவரில் தண்ணீர் இறங்குகிறதாம். "வெட்டிடு தம்பி. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" அரிவாளை எடுத்தேன். துருவைக் கல்லில் தேய்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதற்குச் சாணை பிடித்தேன். ஓங்கிய கை பழக்கத்தில் அப்படியே நின்றது. பெரியப்பா வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா கதவருகே நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரிவாளைக் கீழே போட்டிருப்பேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெட்டினேன். தூர் தொடைப் பருமன் இருந்தது, நேரமாயிற்று.

கொடியைக் குழாயிலிருந்து பிரித்து இழுத்துப் போட்டு முடிக்கும்போது கொல்லையில் வெயில் நேராக விழுந்தது. அரிவாளைத் துடைத்து அதே குழாயில் மாட்டினேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரியம்மா மெல்ல வந்து, வதங்க ஆரம்பித்த ஒரு தளிரைக் குனிந்து எடுத்தாள். கணுக் கணுவாகத் தடவிப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் பூத்திருக்கும்ப்பா" என்றாள்.