இடுப்பைப் பிடித்தபடி படுப்பவர்

தமிழர்கள் நிறைந்த எல்லையோர ஊரான மார்டள்ளியிலிருந்து முதல் பஸ்ஸில் மைசூருக்கு வந்துவிடுவார். வெயிலில் கறுத்த, நெடுநெடுவென்று உயரமான விவசாயி. அங்கே விஜயநகர் பகுதியில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் அவர் மேஜையில் படுக்கும் விதமே தனி. இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெல்லச் சரிவார்.

இரைப்பையில் ஜிஸ்ட் என்ற அரிய புற்றுக்கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, தினமும் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். சில மாதங்களுக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன். "வயிறு எப்படி இருக்குங்க?" என்று கேட்பேன். "நல்லாருக்குதுங் தம்பி" என்பார். படிவத்தில் 'தொந்தரவு இல்லை' என்று எழுதுவேன்.

நான்காவது தடவை, ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதும் எங்கள் டாக்டர் படத்தை எலும்பு தெளிவாகத் தெரியும்படி மாற்றிப் பார்த்தார். இடுப்பெலும்பில் ஓட்டை. இந்தக் கட்டி எலும்புக்குப் பரவுவது அபூர்வம் என்பதால் அதுவரை யாரும் அங்கே தேடவில்லை. முந்தைய படத்தைத் திறந்தார். அதிலும் இருந்தது, சிறியதாக.

அந்த எலும்பில் ஊசி செலுத்திப் பரிசோதனைக்குத் துணுக்கு எடுக்க அவரை மறுபடி வரச் சொன்னார்கள்.

"இடுப்பு எத்தனை நாளா வலிக்குதுங்க?" என்று அவர் வந்த அன்றுதான் கேட்டேன்.

"வருசமாச்சுங். மூட்டை தூக்குன பிடிப்புன்னு இருந்துட்டேன். நீங்க வவுத்தத்தானுங்களே கேட்டீங்க?" என் முகத்தைப் பார்த்தவர் உடனே, "நாந்தான் சொல்லியிருக்கோணும், உடுங்க தம்பி" என்றார்.

அதே கட்டிதான் என்று முடிவு வந்தது.

அவர் சரியும்போதெல்லாம் தோளைத் தாங்கிப் படுக்க வைத்தவன் நான். படுக்க வைத்த கையோடு போய், 'தொந்தரவு இல்லை' என்று எழுதியவனும் நான்தான்.