பாதை அக்கரையில் நின்றது

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் கந்தோருக்கு கொழும்பிலிருந்து புதிய மேலதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்த முதல் வாரம் அது. பிந்தி வருகிறவர்களைப் பிடிப்பதற்காகக் கதவருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் பிரதம லிகிதர் ஆறுதலாகப் படியேறி வந்து, "பாதை பழுதாப் போச்சு சேர்" என்றார். "பாதை பழுதெண்டால் வேற பாதையால வந்திருக்கலாமே?" என்று மேலதிகாரி மடக்கினார். லிகிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "உங்கட ஊரில பாதை கிடக்கும் சேர், மனிசர் போவாங்க. எங்கட ஊரில மனிசர் நிப்பாங்க, பாதைதான் போகும்."

மேலதிகாரி திருதிருவென்று முழித்தார். எங்களுக்கோ சிரிப்பை அடக்க ஏலவில்லை. பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் நடுவே கடல்நீர்தான் கிடந்தது. ஆட்களும் வாகனங்களும் பலகைத்தளம் போட்ட ஒரு மிதவையில் ஏறித்தான் இக்கரைக்கு வரவேண்டும். அந்த மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். எவர் எப்போது வைத்த பெயரோ தெரியாது, ஆனால் அந்தப் பெயரை வைத்தே ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பிழைத்தார் என்று எனக்குத் தெரியும்.

கந்தோரில் நாங்கள் அந்தப் பிரதம லிகிதரை எழுத்தாளர் என்றே அழைத்தோம். அவருடைய சிறுகதைகளுக்குக் கொழும்பிலும் கடல் கடந்தும் வாசகர்கள் இருந்தார்கள். ஊருக்குள் என்னவோ, கதைகளை வாசித்தவர்களைவிட அவருடைய பகிடிகளைக் காவித் திரிந்தவர்களே அதிகம். "உலகத்திலேயே ஆழமான துறைமுகம் எண்டு இதச் சொல்றாங்க, எங்கட பைல்கள் போய் விழுந்த ஆழத்த ஒருத்தரும் அளந்து பார்க்கல்ல" என்பார். ஏன் நாவல் எழுதுவதில்லை என்று கேட்டால், "சிறுகதையெண்டா வாசிக்காமலே நல்லா இரிக்கி எண்டு சொல்லிரலாம், நாவலுக்கு அப்படிச் சொல்லக் கொஞ்சம் வெக்கம் வரும்" என்பார். புத்தக வெளியீடு அவருக்குப் பெண் பார்க்கும் வைபவம் மாதிரி: எல்லாரும் நல்ல பிள்ளை என்பார்கள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இராது. ஒருமுறை இனக்கலவரம் பற்றிப் பேச்சு வந்து அறையே இறுகிப்போயிருந்தபோது, "எல்லாச் சனமும் ஒண்டா நிக்கிற ஒரே இடம் பாதைதான். கரை வந்தா ஆளுக்கொரு தெரு" என்றார். அன்று முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் நாங்கள் தலை குனிந்தோம்.

நான் அன்புவழிபுரத்திலிருந்து போய் அங்கே தட்டச்சு வேலையில் சேர்ந்தவள். அவருடைய மனைவியை ராத்தா என்று கூப்பிடுவேன். கிண்ணியா முஸ்லிம்கள் பக்கத்தில் அக்காவுக்கு அதுதான் முறை. ஒரு பெருநாளைக்குப் போயிருந்தபோது ராத்தா என்னைக் குசினிக்குள் இருத்தி வட்டிலாப்பம் தந்தார். முன்னறையில் எழுத்தாளரைச் சுற்றி ஒரே சிரிப்பு. "இந்த மனிசனோட இருந்தா உங்களுக்குப் பொழுது போறதே தெரியாது என்ன ராத்தா?" என்று நான் சும்மா ஒரு கதைக்குக் கேட்டேன்.

ராத்தா கரண்டியை வைத்துவிட்டார். அவர்களுக்கு ஒரு மகன் இருந்ததும், சின்ன வயதிலேயே போனதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துறைக்கு ஓடியிருக்கிறார்கள். பாதை அக்கரையில் நின்றது. இவர் கரையில் நின்று கத்தியிருக்கிறார். அது திரும்பி வருவதற்குள் பிள்ளை தாயின் மடியிலேயே அடங்கிவிட்டது. "மையத்து வீட்டுக்கு வந்தவங்களையும் பகிடி சொல்லித்தான் அனுப்பினாரு. அண்டையிலிருந்து மகன்ட பேர அவர்ட வாயில நான் கேட்டதில்ல. ஊருக்கெல்லாம் வாய் இரிக்கி புள்ள, எனக்கு மட்டும் ஊமை. ஒருக்கா அந்தப் பேரச் சொல்லி என்னோட இருந்து அழுதாரெண்டாப் போதும்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு எழுத்தாளர் அதை ஒரு கதையாக எழுதினார். பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. ராத்தா வாசித்துவிட்டு, "கடதாசிக்குச் சொல்லிட்டாரு, எனக்கில்ல" என்றார்.

அந்தக் கதை வந்த தொகுதியின் வெளியீடு நகர மண்டபத்தில் நடந்தது. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நல்ல மனிதர், நிறைய வாசித்தவர். அதுதான் வினையாகப் போயிற்று. "'பாதை அக்கரையில் நின்றது' என்று எழுதுகிறார் பாருங்கள்! மனிதனைக் கைவிட்டுப் பாதையே எழுந்து போய் எதிர்க்கரையில் நிற்கிறது. எப்பேர்ப்பட்ட குறியீடு! அந்தக் குழந்தை நம் இனத்தின் எதிர்காலம் அல்லவா?" என்று உருகினார். கிண்ணியாக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் என் அருகே இருந்த ராத்தா முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைக் குறியீடு என்று சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

ஏற்புரைக்கு எழுத்தாளர் எழும்பினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே சனம் சிரிக்க ஆயத்தமாகிவிட்டது. "பேராசிரியர் மன்னிக்கணும். பாதை எண்டு நாங்க சொல்றது தோணிய" என்றார். மண்டபம் அதிர்ந்தது. பேராசிரியரும் தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். "அண்டைக்கு அது அக்கரையிலதான் நிண்டது" என்றார். இன்னும் சிரித்தார்கள். "மகனுக்குக் காய்ச்சல்." அதற்கும் பின்வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. இத்தனை வருடம் சிரிக்கப் பழக்கிவிட்ட சனத்தை ஒரு நிமிடத்தில் நிறுத்த அவராலேயே ஏலவில்லை. பிறகு ஒலிவாங்கியை விட்டு விலகி, ராத்தாவைப் பார்த்து, மகனின் பெயரைச் சொன்னார். முன்னால் இருந்த எங்களுக்கு மட்டும் அது கேட்டது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன், அது அவர்கள் இருவருக்கும் உரியது.

அடுத்த நாள் ராத்தா எனக்குத் தொலைபேசி எடுத்தார். திரும்பிப் போகும்போது பாலத்தில் வேனை நிறுத்தச் சொல்லி இருவரும் இறங்கினார்களாம். முன்பு பாதை ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவர் மகனைப் பற்றிக் கதைத்தாராம், அழுதாராம். பின்னால் வந்த வாகனங்கள் ஹோர்ன் அடித்தும் அவர் அசையவில்லையாம். ராத்தாவின் குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. எனக்கு அன்று முழுக்கச் சந்தோசமாக இருந்தது.

அவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்து இப்போது கொஞ்சக் காலம் ஆகிறது. நகரத்து இளைஞர்கள் சிலர் அவருடைய பகிடிகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்கள். போன மாதம் நான்தான் அவர்களை ராத்தாவிடம் கூட்டிப்போனேன். "எல்லாத்திலயும் மேலான பகிடி அண்டைக்கு மண்டபத்தில பேராசிரியருக்குக் குடுத்ததுதான்" என்று ஒருவர் எழும்பி நின்று நடித்துக் காட்டினார். தோணி வந்தது, அக்கரை வந்தது. காய்ச்சலும் மகனும் வரவில்லை. வாய்க்கு வாய் மாறியதில் அந்தத் துண்டு எங்கோ விழுந்துபோயிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. சொல்லிவிடுவோமா என்று ராத்தாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

"நீங்களும் அவரப் பத்தி ஒண்டு சொல்லுங்களேன் உம்மா" என்று கேட்டார்கள்.

"அண்டைக்குத்தான் தம்பி, அந்த மனிசன் என்னோட கதைச்சாரு" என்றார் ராத்தா.

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இதையும் போடத்தான் வேணும்" என்று ஒருவர் எழுதிக்கொண்டார்.